கூடைக் கழிவு

இப்போது டிவியில் வரும் விளையாட்டு நிகழ்ச்சி எதையும் நான் பார்ப்பதில்லை. பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. சினிமாவில் நடிப்பவர்களும் சீரியலில் நடிப்பவர்களும் வந்து, அவர்களுக்குள்ளேயே விளையாடி, அவர்களே ஜெயித்து, அவர்களே பரிசை வாங்கிக்கொண்டு போகிறார்கள். நாம் வீட்டில் உட்கார்ந்து வாயைப் பார்க்க வேண்டும். அப்படி இல்லையென்றால் நம்மைப் போல ஒருவரைக் கூட்டி வந்து, வீட்டுக் கஷ்டத்தையெல்லாம் சொல்லச் சொல்லி, அழவிட்டு, அதற்கப்புறம்தான் முதல் கேள்வியையே கேட்கிறார்கள். விளையாட வந்த மனுஷியை எதற்கு அழவைக்க வேண்டும் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

பழைய நிகழ்ச்சிகளில் எதைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று யாராவது கம்பத்துக்கு வந்து என்னிடம் கேட்டால் சொல்வதற்குத் தயாராக இருக்கிறேன். ஃபோனில் பேசி விளையாடும் நிகழ்ச்சி ஒன்று இருந்தது. டிவி சத்தத்தைக் குறையுங்கள், குறையுங்கள் என்று தொகுப்பாளினி கெஞ்சிக்கொண்டே இருப்பார். பேசுகிற ஆள் குறைக்கவே மாட்டார். தன் குரல் டிவியில் வருவதைக் கேட்கத்தானே அவர் ஃபோனே போட்டார். அது வரலாம். புருஷனையும் பெண்டாட்டியையும் தனித்தனியாக உட்காரவைத்து ஒரே கேள்வியைக் கேட்கும் விளையாட்டும் வரலாம், ஆனால் என் வீட்டுக்காரரை நம்பி நான் அதில் போய் உட்கார மாட்டேன். மலையாளச் சானலில் எழுத்து எழுத்தாகத் திறந்து வார்த்தையைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்று வரும். ஆன்டெனாவைக் குமுளிப் பக்கம் திருப்பி வைத்துப் பார்ப்போம். பாதிதான் புரியும், இருந்தாலும் தெருவுக்கே கேட்கும்படி பதில் சொல்வோம்.

இவையெல்லாம் அப்புறம். முதலில் திரும்பி வர வேண்டியது, ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண்களுக்கென்றே நடந்த நிகழ்ச்சி ஒன்று. பெயரைச் சொல்ல மாட்டேன். இதை இவ்வளவு பிடிவாதமாகக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் அந்த மேடையில் போய் என் அக்கா நின்றாள். நிற்க வேண்டியது நான்.

அதில் மூன்று சுற்று. முதல் சுற்றில் துணி மூடிய பெட்டிக்குள் கையைவிட்டு உள்ளே இருக்கும் பொருள் என்னவென்று சொல்ல வேண்டும். இரண்டாவதில் ஒரு சாமானைக் காட்டி விலை கேட்பார்கள். கடைசிச் சுற்றுதான் பெரியது. காய்கறியோ பழமோ நிரப்பிய ஒரு மூங்கில் கூடையைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஒரே ஒரு தடவை தூக்கிப் பார்க்கலாம். எடையைச் சொல்ல வேண்டும். கால் கிலோ முன்னே பின்னே இருந்தால் சரி, மேடையில் ரிப்பன் கட்டி நிற்கும் ஃபிரிட்ஜ் உங்களுக்கு. நான் பார்த்த வரையில் ஜெயித்தவர்கள் ரொம்பக் குறைவு. பட்டணத்துப் பெண்கள் அந்தக் கூடையைக் குழந்தையைத் தூக்குவது மாதிரித் தூக்கி, இருபது கிலோ என்பார்கள். நான் டிவி முன்னால் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்வேன்.

எனக்கு அது தெரிந்த வேலை. அப்பாவுக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம். எங்கள் திராட்சையோடு அக்கம்பக்கத்துத் தோட்டத்துத் திராட்சையையும் வாங்கிக் கூடை போட்டுக் கேரளா லாரிக்கு ஏற்றுவார். பறிப்பு நாளில் பந்தலுக்கு வெளியே தராசு தொங்கும். ஒவ்வொரு கூடையும் தராசுக்குப் போவதற்கு முன்னால் நானும் அக்காவும் எடையைச் சொல்ல வேண்டும். அது எங்களுக்குள் நாங்களே வைத்துக்கொண்ட போட்டி. அப்பா அதைக் கண்டுகொள்ளாத மாதிரி நிற்பார், ஆனால் யார் சொன்னது சரி என்று தராசு முள்ளைப் பார்த்ததும் அவர் முகத்திலேயே தெரிந்துவிடும். பத்துக்கு எட்டுத் தடவை நான்தான் சரி. அக்காவும் மோசமில்லை. ஆனால் நான்தான்.

அதில் ஒரு வழக்கம் உண்டு. கூடையோடு சேர்த்து எடை சொன்னால் எங்கள் வீட்டில் அதை எடையென்றே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். காலிக் கூடைக்கு ஒண்ணேகால் கிலோ கழிவு. அதைக் கழித்துவிட்டுச் சரக்கு மட்டும் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். சின்ன வயதில் ஒரு தடவை நான் கழிக்காமல் சொன்னபோது, "கூடையவா திங்கப்போறாக?" என்று அப்பா கேட்டார். வேலையாட்கள் எல்லாரும் சிரித்தார்கள். அதோடு சரி. அதற்கப்புறம் எந்தக் கூடையைத் தூக்கினாலும் என் கை தானாகவே ஒண்ணேகாலைக் கழித்துவிட்டுத்தான் எனக்குச் சொல்லும்.

அந்த நிகழ்ச்சிக்கு அஞ்சலட்டையில் பெயர், வயது, முகவரி எழுதிப் போட வேண்டும். குலுக்கிப்போட்டு எடுப்பார்கள். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். டியூஷன் எடுத்து வந்ததையெல்லாம் அஞ்சலட்டையாகவே வாங்கினேன். ஒருநாள் தபால்காரர் அவராகவே நின்று, இத்தனை கார்டும் சென்னைக்குத்தானா என்று கேட்டார். எல்லாவற்றிலும் என் பெயர்தான். ஒரே ஒரு நாள் நான் எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அவ பேர்லயும் ஒண்ணு போடுத்தா, பாவம்" என்றாள். அந்தப் பாவத்துக்காக ஒரு கார்டில் அக்கா பெயரை எழுதினேன். எழுத்துகூட அவ்வளவு அழகாக எழுதவில்லை.

சென்னையிலிருந்து கடிதம் வந்தது. அக்கா பெயருக்கு.

அன்றைக்கு நான் அழவில்லை. கோபத்தில் அழுகை வராது எனக்கு. கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, இதில் ஃபோட்டோ ஒன்றும் கேட்கவில்லையே, அக்கா பெயரில் நானே போய் நின்றுவிடுகிறேன் என்றேன். அம்மா சரியென்பது போலத்தான் இருந்தாள். அப்பா அக்காவைப் பார்த்தார். அக்கா அதிகம் பேசாதவள். நான் சொன்னால் கேட்டுக்கொள்வாள், புதுத்துணி எடுத்தால்கூட முதலில் என்னை எடுக்கவிடுவாள். அதனால் அவள் தலையாட்டிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, "எனக்கும் ஆசையா இருக்கும்ல" என்றாள்.

போ என்றேன். அந்தப் போவைச் சொன்ன விதத்தில் அவள் போகாமல் இருந்திருக்க வேண்டும். போனாள்.

போதாததற்கு என் பச்சைப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். நல்ல சேலை அவளிடம் இல்லை, அம்மாவே எடுத்துக் கொடுத்துவிட்டாள். என் ரவிக்கையைப் பிரித்து அவளுக்கு அளவு கூட்டித் தைத்தார்கள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். கோத்துக் கொடுத்த நூல் எல்லாம் அறுந்து போகட்டும் என்று மனதுக்குள் நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவும் அவளும் சென்னை பஸ் ஏறினார்கள். இரண்டு நாளில் திரும்பி வந்தார்கள். டிவியில் வரும் வரைக்கும் வெளியே ஒன்றும் சொல்லக் கூடாதென்று சொல்லி அனுப்பியிருந்தார்களாம். அப்பா அந்தப் பேச்சை அப்படியே காப்பாற்றினார். அக்கா என்னிடம் எதையோ சொல்ல வந்து வந்து நிறுத்திக்கொள்வாள். ஜெயித்துவிட்டாள், அதைச் சொல்லத்தான் துடிக்கிறாள் என்று நான் முடிவுகட்டிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. முப்பது பேராவது இருப்பார்கள். எதிர்வீட்டுக்காரர்கள், தோட்டத்தில் பறிப்புக்கு வருகிறவர்கள், ஒருநாளும் எங்களோடு பேசாத பின்தெருக்காரம்மா கூட வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அக்கா குளித்துத் தலைக்குப் பூ வைத்து, டிவிக்கு உள்ளேயும் வெளியேயும் இருக்கப்போகிறவள் மாதிரி நின்றாள். ஃபிரிட்ஜை எந்த மூலையில் வைப்பது என்று ஒருவர் அளந்துகொண்டிருந்தார். என்னால் அங்கே இருக்க முடியவில்லை. தோழி வீட்டில் பார்க்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கமாக வெளியேறினேன்.

தோழி வீட்டுக்குப் போகவில்லை. எங்கள் தோட்டத்துக்குப் போனேன். கவாத்து முடிந்திருந்த நேரம், பந்தலில் இலை இல்லை, வெயில் நேராக இறங்கியது. மோட்டார் அறையின் நிழலில் உட்கார்ந்துகொண்டேன். ஊரில் எல்லார் வீட்டு டிவியும் ஒரே சத்தமாகக் கேட்பது போல எனக்குத் தோன்றியது. உண்மையில் அங்கே ஒன்றும் கேட்காது. அரை மணி நேர நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் எழுந்தேன்.

வாசலுக்கு வரும்போதே எதிர்வீட்டு அத்தை என்னைப் பிடித்துக்கொண்டார். அக்கா கடைசிச் சுற்றில் தோற்றுவிட்டாளாம். கூடையைத் தூக்கி எட்டேகால் என்று சொல்லியிருக்கிறாள், தராசு ஒன்பதரை காட்டியிருக்கிறது. கேட்டவுடனே எனக்கு விளங்கிவிட்டது. ஒண்ணேகால். கூடைக்குக் கழிவு போட்டுச் சொல்லியிருக்கிறாள். சென்னையில் கூடையோடுதான் நிறுத்திருக்கிறார்கள். இந்தத் தப்பை எங்கள் வீட்டுப் பிள்ளையைத் தவிர உலகத்தில் வேறு யாரும் செய்ய முடியாது. எனக்கு உள்ளே குளிர்ந்தது. அதை மறைக்க முகத்தைத் துடைத்துக்கொண்டேன். "ஒன்னையத்தான்டி சொன்னா டிவியில. கேட்டியா?" என்றார் அத்தை. கேட்டேன் என்றேன். கார்டு எழுதிப் போட்டது தங்கச்சி என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள், மனு எழுதிக் கொடுத்தவருக்கு நன்றி சொல்வது போல. அதை வேறு கேட்க வேண்டுமா என்று உள்ளே போய்விட்டேன். அன்றைக்கும் அதற்கப்புறமும் யார் அந்தப் பேச்சை எடுத்தாலும், பார்த்தேன், பார்த்தேன் என்று பாதியிலேயே வெட்டிவிடுவேன்.

அக்கா சமையல்கட்டில் தனியாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "பாத்தியா?" என்று கேட்டாள்.

"பாத்தேன்."

அவள் இன்னும் எதற்கோ காத்திருந்தாள். நான் சொன்னேன்: "கூடைக்குப் போயிக் கழிவு போட்டுட்டியே. நானா இருந்தா போட்டுருக்க மாட்டேன்."

ஆறுதல் பரிசாகக் கொடுத்திருந்த சுவர்க் கடிகாரத்தை என்னிடம் நீட்டி, இது உனக்குத்தான் என்றாள். நிகழ்ச்சியின் பெயர் போட்ட கடிகாரம். தோற்றதற்குக் கொடுத்தது எனக்கு எதற்கு என்று கேட்டுவிட்டேன். அதை அவளே வைத்துக்கொண்டாள்.

தோற்றவளை ஊர் மறந்துவிடும் என்று நினைத்தேன். மறக்கவில்லை. டிவியில் வந்த பிள்ளை என்று பெயராகிவிட்டது. அந்தப் பெயரைக் கேட்டுத்தான் தேனியிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளைக்கு வங்கியில் வேலை. அவரும் அந்த நிகழ்ச்சியைப் பார்த்திருந்தாராம். என்னை உள்ளூரிலேயே திராட்சைக் கமிஷன் கடை வைத்திருப்பவருக்குக் கொடுத்தார்கள். எனக்கு அதில் குறையில்லை, நல்ல மனிதர். ஆனால் அவர் என்னை டிவியில் பார்த்துவிட்டு வரவில்லை. கல்யாணமாகி வந்த வீட்டிலேயும் என்னை, டிவியில் வந்த பெண்ணுடைய தங்கச்சி என்றுதான் சொன்னார்கள். தேனிக்கு அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன். அது எப்போதோ ஓடாமல் நின்றுவிட்டது. அப்படியும் அவள் அதைக் கழற்றவில்லை. நான் பார்க்க வேண்டுமென்றே மாட்டி வைத்திருக்கிறாள் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். உனக்குப் பொறாமை என்றார். ஆமாம் என்றேன். அதை மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

ஒரே ஒரு ஆறுதலை மட்டும் வைத்திருந்தேன். நானாக இருந்தால் கழிவு போட்டிருக்க மாட்டேன். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. கமிஷன் கடையில் எடை போடும் இடத்தில் இருபது வருடமாக நிற்கிறேன். மூங்கில் கூடை போய் பிளாஸ்டிக் பெட்டி வந்துவிட்டது, எலக்ட்ரானிக் தராசு வந்துவிட்டது. இன்னமும் பெட்டியைத் தூக்கிப் பார்த்துச் சொன்னால், தராசில் ஏறுவதற்கு முன்னாலேயே வியாபாரிகள் தலையாட்டுவார்கள். அந்த நிகழ்ச்சி மட்டும் திரும்ப வரட்டும், காட்டுகிறேன் என்பேன்.

டிவிக்காரர்கள் கொண்டுவருவதாகத் தெரியவில்லை. அதனால் போன தை மாதம் நானே கொண்டுவந்தேன். எங்கள் மகளிர் குழுவுக்கு ஆண்டு விழா. வழக்கமாகக் கோலப்போட்டியும் இசை நாற்காலியும்தான் வைப்பார்கள். அந்தப் பழைய நிகழ்ச்சியை அப்படியே நடத்துவோம் என்றேன். எல்லாருக்கும் அது ஞாபகம் இருந்தது, எல்லாரும் துள்ளினார்கள். பெட்டி, துணி, கூடை எல்லாம் நானே ஏற்பாடு செய்தேன். மூங்கில் கூடை கிடைக்காமல் சின்னமனூர் வரைக்கும் போய் ஒரு பூக்கடையில் வாங்கி வந்தேன். நானும் போட்டியில் நிற்பதால் கூடையை நிரப்புவது மட்டும் வேறு ஆள் என்று ஒதுங்கிக்கொண்டேன். பரிசு ஒரு மிக்ஸி.

தொகுத்து வழங்குவதற்கு யாரைக் கூப்பிடுவது என்று பேச்சு வந்ததும் குழுத் தலைவி யோசிக்கவே இல்லை. "ஒங்க அக்காவையே கூப்புட்டுருவோம். அவுகதான டிவியில வந்தவுக" என்றார். என்னைக் கேட்காமலே ஃபோனும் போட்டுவிட்டார். அக்கா வருகிறேன் என்றாளாம்.

கல்யாண மண்டபத்தில் காலைச் சாப்பாடு முடிந்ததும் விழா ஆரம்பித்தது. அக்கா பச்சை நிறத்தில் சேலை கட்டி வந்திருந்தாள். சென்னையில் வேலை பார்க்கும் அவள் மகளும் கூட வந்து, முன்னால் நின்று எல்லாவற்றையும் ஃபோனில் எடுத்துக்கொண்டிருந்தாள். அக்கா மைக்கைப் பிடித்த விதத்தைப் பார்க்க வேண்டுமே. அதிகம் பேசாதவள் என்று சொன்னேன் அல்லவா, அன்றைக்குச் சபையைச் சிரிக்க வைத்தாள். இருநூறு பெண்கள் கைதட்டினார்கள். மேடையை நான் கட்டினேன், கூடையை நான் வாங்கினேன், கைதட்டல் அவளுக்கு. எனக்குக் காது சூடேறிப்போய்விட்டது.

பெட்டிக்குள் கைவிட்ட சுற்றில் ஜாதிக்காய் என்று முதலில் சொன்னது நான். விலைச் சுற்றிலும் நான்தான் முன்னால். கடைசிச் சுற்றுக்கு மூன்று பேர் தேறினோம். நான், ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் பெண். கூடை வந்தது. அடியில் கொய்யா, மேலே திராட்சை, ஓரத்தில் நாலைந்து முருங்கைக்காய். எடை எவ்வளவு என்று அக்கா மூன்று பேரிடமும் ஒரே மாதிரிக் கேட்டாள். ஆசிரியை தூக்கிப் பார்த்துப் பத்து என்றார். தையல் கடைக்காரி பதின்மூன்று என்றாள்.

நான் தூக்கினேன். இருபத்தைந்து வருடமாகக் காத்திருந்த கூடை. கைக்கு வந்தவுடனே எடை தெரிந்துவிட்டது. பதினொண்ணேமுக்கால் என்றேன்.

அக்கா உடனே அடுத்ததற்குப் போகவில்லை. என் முகத்தையே பார்த்து, "நல்லா யோசிச்சுச் சொல்லுத்தா" என்றாள். சொல்லிக்கொண்டே கூடையின் விளிம்பை விரலால் தட்டினாள். மோதிரம் மூங்கிலில் பட்டு டக் டக்கென்றது. மறுபடியும் தட்டினாள். டிவியில் நின்றவளுக்கு, எனக்கு யோசனை சொல்லும் அளவுக்கு வந்துவிட்டதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மோதிரத்தைத்தான் பார்த்தேன். புதிதாக இருந்தது.

"யோசிச்சுத்தான் சொல்றேன். பதினொண்ணேமுக்கால்" என்றேன்.

தராசில் வைத்தார்கள். பதின்மூன்று.

கூட்டம் தையல் கடைக்காரிக்குக் கைதட்டியது. எப்படிச் சொன்னாய் என்று கேட்டதற்கு, எங்கள் வீட்டுக் கதவு நம்பரைச் சொன்னேன் என்றாள். மண்டபமே சிரித்தது. என் வீட்டுக்காரர் கடைசி வரிசையில் குனிந்துகொண்டார், சிரித்தாரா இல்லையா என்று இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. சிரிக்காதவள் அக்கா ஒருத்திதான். அவள் சிரித்திருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். மிக்ஸியைக் கொடுத்து முடித்து அவள் இறங்கி வருவதற்குள் சாப்பாட்டுப் பந்தியைக் கவனிக்கிறேன் என்று உள்ளே போய்விட்டேன். சாயங்காலம் அவர்கள் தேனிக்குக் கிளம்பும்போது காரின் அருகில் நின்று கையை மட்டும் ஆட்டினேன்.

மறுநாள் காலையில் கடையில் இருந்தபோது அக்கா மகளிடமிருந்து ஃபோனில் ஒரு வீடியோ வந்தது. பழைய நிகழ்ச்சிகளை யாரோ இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்களாம், தேடி எடுத்திருக்கிறாள். கீழே எழுதியிருந்தாள்: சித்தி, நீங்களும் அம்மாவும் ஒரே ஒண்ணேகால் கிலோவில் தோற்றிருக்கிறீர்கள், பாருங்கள்.

திறக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். திறந்தேன். படம் கலங்கலாக இருந்தது. என் பச்சைச் சேலை நீலமாகத் தெரிந்தது. அதற்குள் இருபத்திரண்டு வயதில் என் அக்கா நின்றாள். கூடையை அவள் தூக்கிப் பார்த்து வைத்தாள். தொகுப்பாளினி, ஃபிரிட்ஜ் கிடைத்தால் எங்கே வைப்பீர்கள் என்று சும்மா கேட்டார். அக்கா டிவித் தமிழில் பேசப் பார்த்துப் பாதியிலேயே எங்கள் ஊர்த் தமிழுக்கு வந்துவிட்டாள்.

"அது என் தங்கச்சிக்குங்க. கார்டு எழுதுனது பூராம் அவதான். இங்கன நிக்க வேண்டியதும் அவதான். நான் ஆசப்பட்டு வந்துட்டேன். எட சொல்றதுல அவள மிஞ்ச எங்கூர்ல ஆள் கெடையாது. இத டிவியில போடும்போது அவ பாத்துக்கிட்டு இருப்பா. தப்பாச் சொன்னா வைவா."

தொகுப்பாளினி சிரித்து, அப்படியானால் தங்கச்சியையே கேட்டுவிடலாமே என்று காமிராவைக் காட்டினார். அக்கா திரும்பினாள். நேராக என்னைப் பார்த்தாள். பறிப்பு நாளில் தராசு முள் அசைவதற்கு முன்னால் பார்ப்பாளே, அதே பார்வை. புருவத்தை மட்டும் தூக்கி, "எட்டேகால். சரியா?" என்று கேட்டாள்.

கடையில் வேலையாட்கள் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஃபோனைப் பார்த்து, "கழிவு போடாத" என்றேன். வாய்விட்டே சொல்லிவிட்டேன். பெட்டி இறக்கியவர் என்னக்கா என்று திரும்பிப் பார்த்தார். அதற்குள் அங்கே தராசு ஒன்பதரை காட்டிவிட்டது. அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை காமிராவைப் பார்த்துச் சிரித்தாள்.

அக்காவுக்கு ஃபோன் போட்டேன். எடுத்தவுடனே, இப்போதுதான் பார்த்தேன் என்று சொன்னேன். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. மகள் அனுப்பியதைத்தானே, நீதான் அன்றைக்கே தோழி வீட்டில் பார்த்துவிட்டாயே என்றாள். இல்லை, தோட்டத்தில் உட்கார்ந்திருந்தேன், பொய் சொன்னேன் என்றேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"பாத்துட்டுத்தான் நீ அன்னைக்கு அப்பிடிப் பேசுனன்னு நெனச்சேன்டி இத்தன வருசமும்" என்றாள்.

நேற்று எதற்குக் கூடையைத் தட்டினாய் என்று மட்டும் கேட்டேன். கூடையோடு என்று சொல்லத்தான் என்றாள். தொகுத்து வழங்குகிறவள் வாயைத் திறந்து சொல்லக் கூடாதல்லவா என்றாள். மோதிரம் புதிதா என்று கேட்டேன். கவரிங் என்றாள். அந்தக் கடிகாரத்தை எடுத்து வை, வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.

என் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய். அது இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அன்றைக்கு எங்கள் வீட்டு டிவி முன்னால் முப்பது பேர் இருந்தார்கள். எதிர்வீட்டு அத்தை இருந்தார். எங்களோடு பேசாத பின்தெருக்காரம்மா முன்வரிசையில் இருந்தார். ஃபிரிட்ஜுக்கு இடம் அளந்தவர் இருந்தார். அக்கா திரும்பிச் சரியா என்று கேட்டபோது அவர்கள் அத்தனை பேரும் அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்திருக்கிறார்கள். அவள் கேட்டது என்னை.